சைலன்சர் கழற்றிய ஜீப்

வெளிவட்டச் சாலையில் இன்று வண்டிகள் போகிற வேகத்தில், வெள்ளானூர் என்ற பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஊர் பின்னால் போய்விடுகிறது. அந்தப் பக்கத்தில் ஏரிக்கரையைத் தவிர வேறு வழி இல்லாத காலம் என் வயதுக்காரர்களுக்கு மட்டும்தான் நினைவிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கரையில் சைக்கிளை உருட்டக்கூட முடியாது. மாட்டு வண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிடும். அந்தச் சேற்றில் போகக்கூடியது ஊரில் ஒன்றே ஒன்று இருந்தது, எங்கள் ஜீப்.

நாம் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு பழைய சாப்பாட்டுக்குப் போகிறது, பழைய பாட்டுக்குப் போகிறது. எனக்கு மட்டும் அந்த ஜீப்பின் சத்தம்தான் முதலில் வரும். சாவி திருப்பியதும் தொண்டையைச் செருமுவது போல ஒன்று. பிறகு உடம்பெல்லாம் ஒரு நடுக்கம். அதற்குப் பிறகு தடதடவென்று சீரான ஓட்டம், அந்தத் தடதடப்புக்கு மேலே தையல் மிஷின் ஓடுவது போல மெல்லிய டிக்டிக். அது டேப்பெட் சத்தம் என்று அப்பா எனக்குச் சொல்லித் தந்திருந்தார். இஞ்சினுக்குள் காற்று போய்வருகிற கதவுகளைத் தட்டித் திறக்கும் சின்னக் கம்பிகள் போடும் சத்தம். "அது கேட்டா வண்டி உயிரோட கீதுன்னு அர்த்தம்" என்பார்.

ராணுவத்தில் கழித்துக் கட்டிய வண்டிகளை ஏலம் விட்டபோது அப்பா எடுத்தது அது. ஸ்டியரிங் இடது பக்கம். பச்சைப் பெயிண்டைச் சுரண்டினால் அடியில் வேறொரு பச்சை இருக்கும். ஏலம் எடுத்த அன்று அது ஓடவில்லை. எங்கள் மாடுகளைப் பூட்டி இழுத்து வந்தார்கள். ஊரே சிரித்தது. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, "இரும்பு எருமய வாங்கிகினு வந்துட்டான், இனிமே பால் கறக்க வேண்டியதுதான்" என்று டீக்கடையில் சொன்னாராம்.

அதை ஓட வைத்தவர் மெக்கானிக் மாமா. அவர் ஊரின் அந்தாண்டை இருந்த காலனியைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா எங்கள் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். இவரும் என் அப்பாவும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பில் படித்தவர்கள். மாமா ஆவடியில் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு, பிறகு ரோட்டோரமாகத் தானே ஒரு கொட்டகை போட்டிருந்தார். அப்பா அவரை மேஸ்திரி என்பார், நாங்கள் மாமா என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பெரியப்பாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் எங்கள் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஜீப்பின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்கள். மண்ணெண்ணெய் ஊற்றிய ஈயத்தட்டில் சின்னச் சின்ன உறுப்புகள் ஊறும். அம்மா அந்தத் தட்டைத் தேடித் தேடி ஓய்ந்து, வேறு தட்டு வாங்கிக்கொண்டாள். மாமா நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். கேட்டு முடித்ததும் அப்பாவிடம் கொடுப்பார். அப்பாவும் கேட்பார். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் தலையாட்டிக்கொள்வார்கள். எனக்கும் ஒருமுறை வைத்துக் காட்டினார்கள். கடலுக்குள் யாரோ மாவு அரைப்பது போல இருந்தது.

அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை. தகட்டை வைத்து மிஷின் அடிக்கும், தகடு மூடியாக விழும், அடுத்த தகடு. அதற்குச் சைக்கிளில்தான் போவார். ஜீப் வயலுக்கும் மழைக்கும். எரு ஏற்றும், கத்தரிக்காய் மூட்டை ஏற்றும், சேற்றில் மாட்டிக்கொண்ட அடுத்தவர் வண்டியை இழுத்துக் கொடுக்கும். ஏரி நிரம்பிய நாட்களில் காய்ச்சல்காரர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆவடி வரைக்கும் கொண்டுபோய் விடும். அப்பா சின்ன நெம்புகோலைத் தள்ளி நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்க விட்டார் என்றால், ஜீப் மூக்கைத் தூக்கிக்கொண்டு கரையேறும். சிரித்த பெரியப்பாவே இரண்டு தடவை அதில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

நான் ஆறாவது படித்த வருஷம். மழை விட்டு வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பைக் கிளப்பிய அப்பா, கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு நிறுத்தினார். திரும்பக் கிளப்பினார். திரும்ப நிறுத்தினார்.

"மேஸ்திரி, டேப்பெட் சத்தம் வரலயே."

மாமா பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். "வந்துகினு தான கீது அண்ணாத்தே."

"இன்னா வருது? ஊமையாட்டம் ஓடுது. உள்ள ஏதோ அடச்சிகினு கீது."

எனக்குக் கேட்டது. வழக்கம்போலத்தான் கேட்டது. ஆனால் இரண்டு பெரியவர்கள் வண்டியைப் பற்றிப் பேசும்போது பெண்பிள்ளையிடம் யார் கேட்பார்கள். மாமா டேப்பெட்டைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக் கொடுத்தார். டிக்டிக் என்று இருந்தது டக்டக் என்று ஆனது. அப்பாவின் முகம் தெளிந்தது. "இப்பத்தான் வண்டி" என்றார். மாமா ஒரு மாதிரியாகப் பார்த்தார். தப்பாக வைத்துக் கொடுத்ததற்கு ஒருவர் சந்தோஷப்படுகிறாரே என்று அவருக்கு இருந்திருக்கும்.

அந்தச் சந்தோஷம் சில வாரம்தான். மறுபடியும் சத்தம் போய்விட்டது என்றார் அப்பா. பிளக்கை மாற்றச் சொன்னார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவச் சொன்னார். மாமா எல்லாம் செய்தார். ஒவ்வொரு தடவையும் "வண்டில ஒண்ணும் இல்ல அண்ணாத்தே" என்றார். ஒவ்வொரு தடவையும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து பேசினால் அப்பா பதில் சொல்வதில்லை. முதலில் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டாள். பிறகு குரலில் கோபம் ஏறியது. பிறகு கோபமும் போய்விட்டது. அந்த வருஷம் பொங்கலுக்கு அம்மாவின் தம்பி வந்திருந்தபோது, "இந்த ஓட்ட வண்டிய வித்துட்டு அக்காவுக்கு ஒரு மிக்சியாச்சும் வாங்கிக் குடுக்கலாம்ல" என்று விளையாட்டாகச் சொல்லியிருந்தார். அம்மாவும் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அப்பா தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார் என்று அம்மா முடிவு செய்துகொண்டாள்.

"உங்கப்பாவ சாப்ட வரச் சொல்லு" என்பாள் என்னிடம். நான் போய் அப்பாவின் முன்னால் நின்று சொன்னால் உடனே எழுந்து வருவார். பின்னால் நின்று சொன்னால் வரமாட்டார். இதை நான் அம்மாவிடம் சொன்னேன். "பின்னாடி நின்னு கூப்ட்டா அப்பா திரும்பவே மாட்றாரும்மா." அம்மா என் தலையை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நடுவில் நின்றது. "உங்கிட்டயும் ஆரம்பிச்சிட்டாரா" என்றாள். பிறகு பின்னலை இறுக்கிப் போட்டாள். அவள் நினைத்ததற்கு நான் இன்னொரு சாட்சி ஆகிப்போனேன்.

அப்பாவுக்கும் அம்மா பேசுவதை விட்டுவிட்டாள் என்றுதான் தோன்றியிருக்கிறது. அந்த வருத்தத்தை அவர் ஜீப்பிடம் காட்டினார். வேலை விட்டு வந்ததும் வேட்டியைக்கூட மாற்றாமல் அதனிடம் போய்விடுவார். கிளப்புவார், கேட்பார், நிறுத்துவார். எங்களுக்குக் கேட்கிற எதுவும் அவர் தேடுகிற சத்தமாக இல்லை.

இந்த நேரத்தில்தான் பெரியப்பா வாயைத் திறந்தார். டீக்கடை பெஞ்சில் அப்பாவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அவர் காதோடு காதாகச் சொன்னது இது: "ராணுவ வண்டி. உள்ள கீறதெல்லாம் ஒரிஜினல் சாமான். நீ வேலைக்குப் போயிட்ற. அவன் ஒவ்வொண்ணா கயட்டிகினு பழச மாட்டி வுட்றான். சத்தம் எங்கருந்து வரும்?" மற்றவர்கள் சாதாரணமாகப் பேசியது அந்த மாதங்களில் அப்பாவுக்குக் கேட்கவில்லை. இது மட்டும் நன்றாகக் கேட்டிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தபோது அப்பா அவரை வண்டியைத் தொட விடவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொண்டே டீக்கடை வரைக்கும் போய்விட்டார்கள். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தம்பிக்கு அப்போது நடை வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"ஒரிஜினல் பிஸ்டன் எங்க மேஸ்திரி?"

"வண்டிக்குள்ள கீது."

"சும்மா சொல்லாத. கயட்டி எவங்கிட்ட வித்த?"

மாமா அப்பாவுக்கு நேராகத் திரும்பினார். "திருடன்றியா?"

"ஆமா."

டீக்கடையில் இருந்தவர்கள் யாரும் நடுவில் வரவில்லை. பெரியப்பா தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தோளில் கிடந்த கிரீஸ் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் துடைக்க ஒன்றும் இல்லை. "சரி அண்ணாத்தே" என்று சொல்லிவிட்டுக் காலனிப் பக்கம் நடந்து போனார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எப்போதும் போலத்தான் ஆட்டினார். அதுதான் எனக்கு அழுகையை வரவைத்தது.

பிறகு ஜீப் திருமழிசைக்குப் போனது. அங்கே புதிதாக வந்துகொண்டிருந்த தொழிற்பேட்டை ஓரத்தில் லாரி வேலை பார்க்கிற ஒருவர் இஞ்சினை முழுவதும் இறக்கிப் பார்த்தார். பிஸ்டன் எல்லாம் இருக்கிறது, பழசு, ஆனால் நல்ல நிலையில் இருக்கிறது என்று சொன்னாராம். அப்பா அதையும் நம்பவில்லை. திரும்பி வந்த அன்று ஜீப்பின் அடியில் படுத்து, சைலன்சரை அவரே கழற்றினார். அதைக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாத்தி வைத்தார்.

அதற்குப் பிறகு அது போட்ட சத்தத்தை எப்படிச் சொல்வது. கல்குவாரியில் வெடி வைப்பது போல விட்டுவிட்டு அதிரும். மாடுகள் கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தன. தம்பி முதல் நாள் நீலம் பாரித்துப்போகிற அளவுக்கு அழுதான், பிறகு பழகிக்கொண்டான். எதிர்வீட்டில் வந்து சொன்னார்கள். பெரியப்பாவே வந்து சொன்னார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பல நாள் கழித்துப் பிள்ளையைப் பார்த்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"இப்பக் கேக்குது பாரு" என்று என்னிடம் சொன்னார்.

அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அப்போது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. காது போவதென்றால் கிழவர்களுக்குப் போகும், பிறவியிலேயே போகும். நாற்பதுகூட ஆகாத, சைக்கிள் மிதிக்கிற, மூட்டை தூக்குகிற ஆளுக்குப் போகும் என்று யார் நினைப்பார்கள். அவருக்கும் தெரியவில்லை. உலகம் அவரிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்திருந்தது. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள். வயலுக்கு எரு அடிக்க வேண்டும். அப்பா ஜீப்பைப் பின்னுக்கு எடுத்து எருக்குழி ஓரமாக நிறுத்தப் பார்த்தார். ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் இடது பக்கமாகத் தலையை நீட்டி, குழியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே வந்தார். வலது பக்கம் ஈரமண்ணில் தம்பி உட்கார்ந்து தேங்காய் ஓட்டில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தான்.

அம்மாதான் முதலில் பார்த்தாள். கிணற்றடியிலிருந்து கத்தினாள். நானும் கத்தினேன். அடுத்த வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து அவர்களும் கத்தினார்கள். சைலன்சர் இல்லாத அந்த இஞ்சினுக்கு முன்னால் எங்கள் குரல் ஒன்றுமே இல்லை. அப்பா குழியைப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். தம்பியின் ஒரு கையைப் பிடித்து இழுத்து எறிந்தாள், எறிந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் என் காலடியில் வந்து விழுந்தான். ஜீப்பின் பின்சக்கரம் அம்மாவின் வலது பாதத்தின் மேல் ஏறி நின்றது.

சக்கரம் எதன் மேலோ ஏறியது அப்பாவுக்கு உடம்பில் தெரிந்திருக்கிறது. முன்னால் நகர்த்தி, இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். மண்ணில் கிடந்த அம்மா வாய்விட்டுக் கதறிக்கொண்டிருந்தாள். களையெடுத்த பெண்கள் வரப்பில் கூச்சலிட்டபடி ஓடி வந்தார்கள். தம்பி அலறினான். அப்பா ஒவ்வொருவர் வாயையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இன்னா ஆச்சி?" என்றார். "ஏன் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்றீங்க?"

அம்மாவின் கதறல் அப்படியே நின்றது. வலி நின்றிருக்காது. அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, வீட்டில் பேசுகிற சாதாரணக் குரலில் கேட்டாள்.

"நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?"

அப்பா அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "காலக் காட்டு" என்றார்.

ஊரில் ஜீப் ஓட்டத் தெரிந்த இன்னொருவர் மாமா மட்டும்தான். களையெடுத்த பெண்களில் ஒருத்தி ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சட்டை போடாமல் ஓடி வந்தார். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேருமாக அம்மாவைத் தூக்கிப் பின்னால் படுக்க வைத்தார்கள். அப்பா பழக்கத்தில் ஸ்டியரிங் பக்கம் போனார். போனவர் அங்கேயே நின்றார். மாமா ஏறி உட்கார்ந்ததும் பின்னால் வந்து, அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் தம்பியோடு முன்னால் உட்கார்ந்தேன்.

ஏரிக்கரையில் மாமா வண்டியை மெதுவாக விட்டார், அப்போதுதான் சத்தம் கொஞ்சம் குறையும். அம்மா தலையைத் தூக்கிச் சொன்னாள்.

"அண்ணே, அவருக்குக் காது கேக்கல."

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னா அண்ணி?"

"காது கேக்கல அண்ணே அவருக்கு. இம்மாம் நாளா கேக்கவே இல்ல. எங்கூடதான் பேசலன்னு நான் நெனச்சிகினு இருந்தேன்."

அப்பா அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலேயே அவரைப் பற்றிய பேச்சு போய்க்கொண்டிருந்தது.  தார் ரோடு ஏறியதும் மாமா வேகத்தைக் கூட்டினார். அதன் பிறகு யார் பேசினாலும் கேட்காது.

அம்மாவின் பாதத்தில் எலும்புகள் நொறுங்கியிருந்தன. ஈரமண் என்பதால் கால் தப்பியது என்றார்கள். பாதம் கோணலாகத்தான் சேர்ந்தது. கட்டோடு அம்மா வீட்டுக்கு வந்த பிறகு, அவளே பெரியப்பா மகனைத் துணைக்கு அனுப்பி, அப்பாவைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே டாக்டர் ஒரு கம்பியைத் தட்டித் தட்டி அவர் காதருகே வைத்துப் பார்த்தாராம். என்ன வேலை என்று கேட்டாராம். தகடு அடிக்கிற பட்டறை என்றதும், எத்தனை வருஷம் என்றுகூடக் கேட்கவில்லையாம். "மிஷின் சத்தம்தான். போனது திரும்பி வராது. இருக்கிறதக் காப்பாத்திக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகுமாம். டேப்பெட்டின் டிக்டிக், பெண்பிள்ளைகளின் குரல், குருவிச் சத்தம். இடி இடித்தால் கேட்கும்.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அப்போ நீ பேசிகினுதான் இருந்தியா?" என்று கேட்டார்.

அம்மா அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, உதடு தெரிகிற மாதிரி சொன்னாள். "பேசிகினுதான் இருந்தேன். அப்புறந்தான் நிறுத்திட்டேன்."

அப்பா அவளுடைய கட்டுப்போட்ட காலின் மேல் கையை வைத்தார். வைத்தால் வலிக்கும் என்று நினைவு வந்து எடுத்துக்கொண்டார்.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு காலனிக்குப் போனார். மேஸ்திரி சொல்வது தனக்குக் கேட்காவிட்டால் நான் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். மாமா வீட்டு வாசலில் கட்டில் கிடந்தது. மாமா உட்காரச் சொல்லவில்லை. அப்பாவும் உட்காரவில்லை.

"மேஸ்திரி, இஞ்சின்ல ஒண்ணும் இல்ல. என் காதுலதான்."

"தெரியும்."

"உன்னப் போயி திருடன்னு சொல்லிட்டேன்."

"சொன்ன. ஊரே கேட்டுகினு இருந்திச்சி."

நான் அதை அப்பாவுக்குத் திருப்பிச் சொன்னேன். திருப்பிச் சொல்லும்போது அது இன்னும் கனமாக இருந்தது.  "நான் இன்னா பண்ணணும் சொல்லு" என்றார் அப்பா.

"நீ எங்க சொன்னியோ அங்கயே வந்து சொல்லு" என்றார் மாமா. "எங்கப்பன் உங்க நெலத்துல ஏர் ஓட்டினவர். ஒரு கதிர் எடுத்துகினு வந்ததில்ல. அவருக்காகச் சொல்லு."

அன்றைக்கே சொன்னார். டீக்கடையில் வழக்கமான ஆட்கள் எல்லாம் இருந்தார்கள், பெரியப்பாவும் இருந்தார். அப்பா நடுவில் நின்று, மேஸ்திரி ஒரு ஆணிகூட எடுக்கவில்லை, நான் சொன்னது பொய், தப்பு என்மேல் என்றார். தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. டீக்கடையைத் தாண்டி, மாரியம்மன் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். தெருவில் கதவுகள் திறந்தன. பெரியப்பா "மெதுவா சொல்லுடா" என்றார். அப்பாவுக்கு அது கேட்கவில்லை. இரண்டாவது தடவையும் அதையே, அதே சத்தத்தில் சொன்னார். மாமா வந்து அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, இரண்டு டீ சொன்னார்.

ஜீப்பை விற்றுவிடுவதென்று அப்பா முடிவு செய்தார். வேண்டாம் என்று சொன்னது அம்மாதான். இது எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது, இப்போது இல்லை. மாமாவும் சொன்னார், "நான் ஓட்டிகினு போறேன், வண்டி ஊட்லயே நிக்கட்டும்" என்று. அப்பா கேட்கவில்லை. "வாசல்ல நின்னா ஏறத் தோணும்" என்றார். "அன்னிக்கி இவ கத்தனது எனக்குக் கேக்கல. இன்னொரு வாட்டி இன்னொருத்தர் கத்துவாங்க." 

திருமழிசைக்கு அந்தாண்டை செங்கல் சூளை வைத்திருந்த ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கொடுப்பதற்கு முன்னால் வண்டியைச் சரியாக்கிவிட வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்று வாங்குகிறவர் சொன்னதைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா லீவு போட்டார். இரண்டு பேரும் பழையபடி கொட்டகைப் பக்கத்தில் நின்றார்கள். தளர்த்தி வைத்திருந்த டேப்பெட்டை மாமா திரும்பச் சரியான அளவுக்கு இறுக்கினார். சைலன்சரைத் துரு தட்டி மாட்டினார்கள். அப்பா ஒவ்வொன்றையும் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் முடிந்து மாமா கிளப்பியபோது, இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்படிக் கீது?"

"வந்தப்ப எப்படி இருந்திச்சோ அப்படியே கீது" என்றார் மாமா. அவர் வாயைப் பார்த்து அப்பா புரிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு அப்பா பல வருஷம் அதே பட்டறையில்தான் வேலை செய்தார். வேறு வேலை யார் கொடுப்பார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனார். கூட வேலை செய்தவர்களுக்கும் வைக்கச் சொன்னார். அவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே கத்திக் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்கிறது. இருக்கிற கொஞ்சமும் மெல்ல மெல்லப் போனது. கடைசிக் காலத்தில் இடியும் கேட்கவில்லை. அம்மா கடைசி வரைக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடந்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் அடுப்படியிலிருந்து அவரிடம் பேசியதில்லை. எந்த அவசரமானாலும் அந்தக் காலை இழுத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்று, முகத்தைப் பார்த்துத்தான் சொல்வாள். கல்யாணமாகிக் கொரட்டூருக்கு வந்த பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. என் பேரப்பிள்ளைகள் அடுத்த அறையிலிருந்து கத்தினால் நான் பதில் சொல்லாமல் எழுந்து போகிறேன். அவர்களுக்கு அது வேடிக்கை.

ஜீப் போன நாளைச் சொல்லிவிடுகிறேன்.

சூளைக்காரர் தன் டிரைவரோடு காலையில் வந்தார். அம்மா அக்குளில் கட்டையை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். மாமா டிரைவருக்குச் சின்ன நெம்புகோலைக் காட்டி, எப்போது தள்ள வேண்டும், எப்போது கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். அப்பா சாவியைக் கொடுத்தார். டிரைவர் கிளப்பினான். தொண்டையைச் செருமியது, நடுங்கியது, சீராக ஓட ஆரம்பித்தது. தெருமுனையில் திரும்பி ஏரிக்கரையில் ஏறியது.

வண்டி கண்ணுக்கு மறைந்துவிட்டது. ஆனால் ஏரியில் தண்ணீர் வற்றிய காலம், வெட்டவெளி, சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. மாமா அந்தப் பக்கம் பார்த்தபடி நின்றார். அம்மா லேசாகத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கரையின் நடுவில் மதகு இருக்கிற இடத்தில் கியர் மாற்றினான் போல, சத்தம் ஒருமுறை இறங்கி மறுபடி ஏறியது. அம்மாவின் புருவமும் லேசாக ஏறியது.

அப்பா ஏரிப் பக்கம் பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு எதிரே வந்து நின்று, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கேட்கிற வரைக்கும் அவரும் நின்றார். வெகுநேரம் கழித்து அம்மா தலையை நிமிர்த்தி, அவர் கண்ணைப் பார்த்து, போயிடிச்சி என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

அப்பா தலையாட்டிவிட்டு, அவள் உள்ளே போகக் கையைக் கொடுத்தார்.